முகச்சுருக்கம் குறைக்கும் பெப்டைடுப் பூச்சுகள்

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் சில ஒன்றோடொன்று பிணைந்தமைந்த குறுஞ்சங்கிலி. சருமத்துக்கு உறுதியளிக்கும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று சுருளிழைகளால் ஆனது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகளான ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் விளக்கிக் காட்டியது தமிழகத்துக்குப் பெருமை சேர்ப்பதாகும். வயது ஏறுவதாலும் வெயிலின் கடுமையாலும் இப்புரதம் க்ஷீணிக்கவே முகத்தில் சுருக்கம் விழுகிறது.

கொலாஜனின் முன்னோடிப் புரதத்திலுள்ள லைசின், திரியோனின், திரியோனின், லைசின், செரின் என்னும் ஐந்து அமினோ அமிலங்களாலான பெப்டைடுத் தொடர், புதிய கொலாஜனை ஆக்குமாறு சரும உயிரணுக்களைத் தூண்டுவது ஆய்வுக்கூடத்தில் காணப்பட்டமையால், அது தோலின் கொழுப்பார்ந்த மேலடுக்கை ஊடுருவும்பொருட்டுப் பால்மிட்டிக் அமிலத்துடன் இணைக்கப்பட்டுக் களிம்புகளில் சேர்க்கப்படுகிறது. இதன் பயன் மெல்லிய கோடுகள் சற்றே மங்குவது என்ற அளவினதே. ஆழ்ந்த சுருக்கங்களை இது அகற்றுவதில்லை. ஆதலின் வெயிலினின்று முகத்தைக் காத்துக்கொள்வதே பிரதானமாகும்.