வேலியும் நிலமும்



வீட்டு முன்புறத்தில் நாலு கம்பம் நட்டு, குறுக்குச் சட்டம் அடித்து, இழைத்த பலகைகளை வரிசையாக நிறுத்திச் சாயம் பூசினால் அழகான மரவேலி ஆகிவிடுகிறது. உள்ளே ஒரு துளசிச் செடி, ஒரு ரோஜாச் செடி. பார்ப்பதற்குச் சிறிய காரியம். ஆனால், கிள்ளான் பள்ளத்தாக்கில் பால்மரம் சீவிய நம் மக்களுக்கு இது கைகூடப் பல தலைமுறைகள் ஆயின. மரத்துக்குப் பஞ்சமில்லை, தச்சு வேலைக்கும் ஆளிருந்தது. பின் ஏன் இவ்வளவு காலம்? அதைத்தான் இன்று காணப் போகிறோம்.

முதலில் 'வேலி' என்ற சொல்லைப் பாருங்கள். தடுப்புக்கு மட்டுமன்றித் தஞ்சை வட்டாரத்தில் ஒரு நில அளவுக்கும் அதுவே பெயர். இருபது மா சேர்ந்தது ஒரு வேலி. ஆறரை ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல். அங்கே வேலிக் கணக்கில் நிலம் வைத்திருந்தவர் மிராசுதார். கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பிறருடைய வேலியில் உழைத்தவர்கள்.

இங்கே வந்தபின் அவர்களுக்குக் கிடைத்தது லயத்து வீடு. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். ஆயினும் நம் பெண்கள் சும்மா இருக்கவில்லை. லயத்தை ஒட்டிய மண்ணில் முருங்கையும் கறிவேப்பிலையும் வெண்டையும் வைத்தார்கள். ஆடும் கோழியும் மேய்ந்துவிடாதபடி மூங்கில் படல் கட்டினார்கள். செம்பருத்திப் போத்துகளை நெருக்கமாக ஊன்றி உயிர்வேலி வளர்த்தார்கள்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பமுள்ள தொழிலாளி ஒருவருக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்றது. கணக்குப் பார்த்தால் அது ஏறத்தாழ 2,700 சதுர அடி. சதுரமாக அளந்தால் பக்கத்துக்கு 52 அடி. இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள் சேர்ந்தால்தான் தஞ்சைக் கணக்கில் ஒரு வேலி. அந்தத் துண்டும் பயன்படுத்தத்தான்; பட்டா கிடையாது.

தோட்டத்தின் எல்லை நிலத்தோடு நிற்கவில்லை, நேயர்களே. யார் உள்ளே வரலாம், யாரைப் பார்க்கலாம் என்பதும் நிர்வாகத்தின் கையில் இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. சம்பள உயர்வோடு, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றும் தொழிலாளர்கள் கேட்டார்கள். துரையின் முன்னால் சைக்கிளில் ஏறிச் செல்லும் உரிமையையும் கேட்டார்கள். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சொந்தக்காரர் வாசலுக்கு வர வேண்டும் என்று கேட்டதும் அந்தப் போராட்டத்தின் ஒரு பகுதி என்பதை நாம் மறக்கலாகாது.

அடுத்து வந்தது முள்கம்பி. 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1950இல் ஜெனரல் பிரிக்ஸ் வகுத்த திட்டப்படி, காட்டோரக் குடியிருப்பாளர் ஏறக்குறைய 5 லட்சம் பேர் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள். அவர்களில் மிகப் பலர் சீனர். தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் வேலை செய்த இன்னும் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் குடியிருப்புகள் ஓரிடத்தில் திரட்டப்பட்டன. பல லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி எழுந்தது. காட்டிலிருந்த போராளிகளுக்கு அரிசி போய்ச் சேரக் கூடாது என்பது நோக்கம். அதற்காக வேலைக்குப் போகிறவர்களை வாசலில் சோதித்தார்கள். 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது.

'வேலியே பயிரை மேய்ந்தால்?' என்று நாம் கேட்பதுபோல மலாய்க்காரர்களும் 'ஹாராப்கான் பாகார், பாகார் மாக்கான் பாடி' என்பார்கள். நம்பிய வேலியே நெல்லைத் தின்றது என்று பொருள். இரண்டு மொழியும் ஒரே அனுபவத்தைச் சொல்கின்றன.

பட்டணத்தில் மட்டும் நிலைமை வேறா? செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில் நம்மவர் பலர் ரயில்வே வேலை பார்த்து, குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துக்கும் 1886இல் ரயில் ஓடத் தொடங்கியபின் வளர்ந்த பேட்டை அது. அங்கும் வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்ற நாளில் வளர்த்த மல்லிகையை விட்டுவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

மாற்றத்துக்கு ஒரு வழி 1960இல் பிறந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினார்கள். தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. கூலிக்கு மரம் சீவியவர் பங்குதாரர் ஆனார். ஆனால் தோட்டங்களின் காலமும் மாறிவந்தது. சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த நிலத்தில் ஷா ஆலாம் நகரம் எழுந்தது. பல தோட்டக் குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போயின. கடன் கட்டிச் சொந்த வீடு வாங்கியவர்கள்தாம் முதன்முதலாகத் தம் விருப்பப்படி வேலி போட்டார்கள்.

வேலிக்கு என்ன மரம் நல்லது? பழக்கத்தால் பால்மரத்தைத் தேட வேண்டாம். ஒரு காலத்தில் விறகாகப் போன அந்த மரம், மருந்தேற்றி உலர்த்தும் முறை வந்தபின் நாற்காலியும் மேசையுமாக வெளிநாடு செல்கிறது. வெயிலிலும் மழையிலும் நின்றால் பூஞ்சணமும் கரையானும் அதை விடா. கம்பத்துக்குச் செங்கால் சிறந்தது. தெரெங்கானுவில் படகு கட்டும் மரம் அது. விலை கூடுதல், பழைய வீடு பிரிக்கும் இடத்தில் சில சமயம் கிடைக்கும். நாலடி வேலிக்கு ஆறடிக் கம்பம் வேண்டும். இரண்டடி மண்ணுக்குள் இறங்கட்டும். பலகையின் அடி மண்ணைத் தொடாமல் இரண்டு அங்குலம் உயர்ந்திருக்கட்டும். தலையைச் சரிவாக அறுத்தால் மழைநீர் வழிந்துவிடும். நாலடிக்கு மேல் உயர்த்த வேண்டாம். அண்டை வீட்டாரோடு நின்று பேச அதுவே சரியான உயரம்.

ஆனால் கம்பத்துக்குக் குழி தோண்டுமுன் ஒரு வேலை இருக்கிறது. நிலத்தின் கிராண்ட் யார் பெயரில் இருக்கிறது, எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தந்தை காலமாகியும் பெயர் மாற்றாத பத்திரம் இருந்தால், நில அலுவலகத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்களும் அந்தத் தாளைப் படித்துப் பார்க்கட்டும். வேலியை அதன்பிறகு அடிக்கலாம்.