கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் தலைமை

கட்டற்ற மென்பொருள் திட்டம் என்பது, மூலநிரலை எவரும் வாசிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையளித்து, பெரும்பாலும் ஊதியம் கருதாத தன்னார்வலர்களால் நடத்தப்பெறும் கூட்டுமுயற்சியாகும். இத்தகைய முயற்சிகளில் தலைமை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு வரம்புக்குட்பட்டது, எவ்வாறு கைமாறியது என்பது அண்மைக்கால நிர்வாக வரலாற்றில் ஊன்றிக் கவனிக்கத்தக்க பகுதி. சம்பளம் கொடுப்பவர் கட்டளையிடலாம், மீறினால் வேலையை விட்டு நீக்கவும் செய்யலாம். தம் இரவு நேரத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் மனமுவந்து அளிக்கும் ஒருவரிடத்தில் அவ்வதிகாரம் செல்லாது. அன்றியும், உரிமம் அனைவர்க்கும் பொதுவாதலின், தலைவரோடு உடன்படாதார் நிரல் முழுவதையும் எடுத்துக்கொண்டு தனிவழி செல்லவும் தடையில்லை. ஆகவே இங்குத் தலைமை என்பது பிறருடைய சம்மதத்தை நாள்தோறும் ஈட்டினாலன்றி நிலையாத பதவி.

தொடக்கத்தில் தொடங்கியவரே தலைவர். 1983ஆம் ஆண்டு செப்டம்பரில் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்டு ஸ்டால்மன், மென்பொருள் சுதந்திரம் என்னும் கொள்கையையே தம் அதிகாரத்துக்கு ஆதாரமாகக் கொண்டார். 1991 ஆகஸ்டில், பின்லாந்து நாட்டுக் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், பின்னர் லினக்ஸ் எனப் பெயர் பெற்ற, இயங்குதளத்தின் கருவான கெர்னலைப் பற்றி அறிவித்தபோது, அவர் அதனை வெறும் பொழுதுபோக்கு என்றே குறிப்பிட்டார். அந்தப் பொழுதுபோக்கு உலகளாவிய பணியாக விரிந்தபின், ஒருவரே எல்லாத் திருத்தங்களையும் படித்து முடிவு சொல்வது இயலாததாயிற்று. எனவே கோப்பு முறைமை, வலையமைப்பு, கருவி இயக்கிகள் எனப் பகுதிதோறும் பராமரிப்பாளர்கள் அமைந்தார்கள்; திருத்தங்கள் அவர்கள்வழிப் படிப்படியாக மேலேறி டோர்வால்ட்ஸிடம் சேரும் மரபு உருவாயிற்று. 2005இல் அவர் எழுதிய திருத்தங்களைப் பதிந்து ஒன்றிணைக்கும் கிட் என்னும் கருவி இம்மரபுக்கு உறுதுணையாயிற்று. இன்று லினக்ஸுக்கு எழுதுவோரில் மிகப் பலர் நிறுவனங்களில் சம்பளம் பெறுபவர்களே. எனினும் எந்த நிறுவனமும் தன் பணத்தைக் காட்டி ஒரு திருத்தத்தை உள்ளே புகுத்திவிட முடியாதபடி அம்மரபு இன்றளவும் நிற்கிறது. அறிவாற்றலால் வந்த தலைமைக்கும் நாவடக்கம் வேண்டும் என்பதை உணர்ந்தவராய், 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தம் கடுஞ்சொற்களுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரிச் சில வாரங்கள் விலகியிருந்தார். அதே சமயத்தில் கெர்னல் திட்டம் ஒரு நடத்தை நெறியையும் ஏற்றுக்கொண்டது.

எழுதப்பட்ட சட்டத்தின்கீழ்த் தலைமையைக் கொணர்ந்த பெருமை, கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் டெபியன் திட்டத்துக்கு உரியது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய அத்திட்டம், 1997இல் ஒரு சமூக ஒப்பந்தத்தையும் 1998இல் ஓர் அரசியலமைப்பையும் இயற்றிக்கொண்டது. அதன்படி தலைவர் ஆண்டுக்கொருமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறார். வாக்களிப்போர் வேட்பாளர்களைத் தம் விருப்ப வரிசையில் நிறுத்துகின்றனர். 'இவர்களில் எவருமில்லை' என்பதும் அவ்வரிசையில் ஒரு வேட்பாளரைப் போலவே இடம்பெறுகிறது. தலைவரின் தீர்மானத்தை உறுப்பினர்கள் பொதுத்தீர்மானத்தால் மாற்றலாம். இவையனைத்தையும்விட என் மனத்தைக் கவர்வது அவ்வரசியலமைப்பின் தொடக்கத்திலேயே காணப்படும் ஒரு விதி: திட்டத்துக்காக உழைக்குமாறு எவரையும் இச்சட்டம் கட்டாயப்படுத்தாது என்பது அது. ஒரு பணியை விரும்பாதவர் அதனைச் செய்யாதிருக்கலாம். ஆனால் முறைப்படி எடுத்த முடிவுக்கு எதிராகச் செயற்படலாகாது. தன்னார்வ நிர்வாகத்தின் தத்துவத்தை இத்துணைச் சுருக்கமாக உரைத்த வேறொரு விதியை நான் அறியேன்.

எழுதிய விதிப்படி பொறுப்பாளரைத் தெரிந்தெடுத்தல் என்னும்போது, காஞ்சிபுரம் மாவட்டத்தார்க்குத் தம் அண்டையிலுள்ள உத்திரமேரூர் நினைவுக்கு வருதல் இயல்பு. அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை எனக் கொள்வர். முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்ட ஊரில், குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பிக்கும் குடவோலை முறையால், சம்வத்ஸர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரை அமர்த்தினர். பதவிக்காலம் 360 நாட்கள். பிந்திய கல்வெட்டின்படி வயது முப்பத்தைந்துக்குக் குறையாமலும் எழுபதுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரலாகாது. வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர். நிலவுடைமையும் வேதப் பயிற்சியும் வேண்டிய பிராமணர் சபை அது. எனவே ஊரார் அனைவர்க்கும் பொதுவான மக்களாட்சி என்று அதனைப் போற்றுவது வரலாற்றுக்கு இழைக்கும் பிழையாகும். டெபியனில் தகுதி என்பது செய்த பணியேயன்றிப் பிறப்போ நிலமோ அன்று. எனினும், பதவி ஒருவரிடமே தேங்காமல் சுழல வேண்டும், கணக்கு ஒப்புவித்த பிறகே அடுத்த பொறுப்பு என்ற அளவில், அக்கல்வெட்டு விதிகள் இன்றைய தன்னார்வத் திட்டங்களும் கற்கத்தக்கவை.

தனியொருவரின் தலைமையிலிருந்து குழுத்தலைமைக்கு மாறியதற்குப் பைத்தான் மொழி சிறந்த உதாரணம். அதனைப் படைத்த கைடோ வான் ராசம், கருணையுள்ள ஆயுட்கால சர்வாதிகாரி என்று அன்போடு அழைக்கப்பட்டவர். மொழியில் ஒரு சிறு இலக்கண மாற்றத்தைப் பற்றி எழுந்த நெடிய வாதத்தால் சலிப்புற்று, 2018 ஜூலை 12இல் அவர் அப்பதவியைத் துறந்தார். தமக்குப் பின் யார் என்று நியமிக்கவும் மறுத்தார். உறுப்பினர்கள் பல ஆலோசனைகளைப் பரிசீலித்து, ஐவர் கொண்ட வழிகாட்டுக் குழுவைத் தேர்ந்துகொண்டனர். ஒரே நிறுவனத்தில் பணிபுரிவோர் இருவருக்கு மேல் அக்குழுவில் இருக்கலாகாது என்பது அவர்கள் வகுத்த விதி. 2019இல் அமைந்த முதற்குழுவுக்கு வான் ராசமும் வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்பட்டார். துறந்த அதிகாரத்தின் ஐந்தில் ஒரு பங்கு, இம்முறை பிறர் விருப்பத்தால், அவரை வந்தடைந்தது.

சம்மதம் அற்றுப்போன இடங்களில் திட்டங்கள் பிளந்திருக்கின்றன. 2010 செப்டம்பரில், ஆரக்கிள் நிறுவனத்தின்கீழ் வந்துவிட்ட ஓபன்ஆபீஸ் என்னும் அலுவலக மென்பொருளிலிருந்து தன்னார்வலர்கள் பிரிந்து லிப்ரேஆபீஸைத் தொடங்கினர். இன்று லினக்ஸ் பயன்படுத்துவோர் கையில் பெரிதும் இருப்பது பிரிந்து சென்ற அதுவே. பிளவினும் கொடியது தனிமை. எக்ஸ்இசட் என்னும் சுருக்குநிரலை ஒரே தன்னார்வலர் பல்லாண்டுகள் பராமரித்து உள்ளம் சோர்ந்திருந்த வேளையில், உதவியாளராகப் புனைபெயரில் வந்த ஒருவர் ஈராண்டுக்கு மேல் நம்பிக்கையைச் சம்பாதித்து, 2024இல் அதனுள் ஒரு கள்ளவாயிலைப் பொருத்திவிட்டார். மார்ச் மாதத்தில், கணினிக்குள் நுழைவதில் ஏற்பட்ட அரை நொடித் தாமதத்தைப் பொருட்படுத்தி ஆராய்ந்த பொறியாளர் ஒருவரால் அது வெளிப்பட்டது. பெரும் நிறுவனங்கள் பலவும் நம்பியிருந்த அந்நிரலின் பாரம் ஒரு மனிதர் தோளில் கிடந்தது என்பதை உலகம் அப்போதுதான் அறிந்தது.

தமிழ்க் கணினித் தொண்டிலும் தலைமை தொடங்கியவரிடமிருந்தே பிறந்தது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் மென்பொருளன்று, மின்னூலாக்கம். ஆயினும் பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றித் தட்டெழுதுவதையும் மெய்ப்புப் பார்ப்பதையும் ஒருங்கிணைக்க இயலும் என்று முதலில் மெய்ப்பித்தது அதுவே. சென்னை லினக்ஸ் பயனர் குழு இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மாதந்தோறும் கூடி வந்தது. அதே வழியில் காஞ்சிபுரத்திலும் ஒரு லினக்ஸ் பயனர் குழு எழுந்தது. 2012இல் கணியம் இதழ் தோன்றிக் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்பிக்க முற்பட்டது. இம்முயற்சிகளுக்கு உழைத்தோர் பெரும்பாலும் பகலில் வேறு தொழில் பார்ப்பவர்கள். மென்பொருளைத் தமிழாக்கும் மொழிபெயர்ப்புப் பணியில் தலைமையின் அருமை பின்னும் தெளிவாகும்: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் வழக்குகள் வேறுபடுவதால், கலைச்சொற்களைப் பற்றி முடிவுசொல்லும் பொறுப்பை ஒருவர் ஏற்காத இடத்தில், ஒரே பயன்பாட்டின் இரு திரைகளில் ஒரே கட்டளை இரு பெயர்களோடு நிற்க நேரும்.

இத்திட்டங்களில் பலவற்றின் குறை, ஆற்றலின்மையன்று. அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு எழுத்தில் இல்லாமையே. சேவையகத்தின் கடவுச்சொல், தளப்பெயரின் புதுப்பிப்பு, நிதிக் கணக்கு ஆகியன ஒருவரிடமே இருந்து, அவர் சோர்ந்தாலோ மறைந்தாலோ, பல்லாண்டு உழைப்பு ஒருநாளில் அணுக முடியாததாகிவிடும். ஆதலின், தமிழில் ஒரு தன்னார்வத் திட்டத்தைத் தொடங்குவோர், பொறுப்பாளரின் காலவரம்பையும், கணக்கு ஒப்புவிக்கும் முறையையும், அடுத்துப் பொறுப்பேற்பவரைத் தெரிந்தெடுக்கும் வழியையும் முதல் ஆண்டிலேயே எழுதிப் பொதுவில் வைக்க வேண்டுகிறோம். முன்பே நடந்துவரும் திட்டங்களும் இதனை இவ்வாண்டிலேயே செய்துகொள்ளல் நலம்.