டியோடரண்ட் டப்பாவும் 25,000 டாலரும்

இன்னைக்குக் கொஞ்சம் பொம்மை வரலாறு.

வார்ஹாமர் 40,000-னு ஒரு விளையாட்டு. இங்கிலாந்துச் சரக்கு. கட்டைவிரல் உயரச் சிப்பாய் பொம்மைகளை நாமே ஒட்டி, பெயிண்ட் அடிச்சு, டேபிள் மேல நிறுத்தி, இஞ்ச் டேப்பால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடணும். "கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மையா?"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு தகவல்: செவ்வாய்க்காரங்க படையெடுப்பை எழுதின அதே எச்.ஜி.வெல்ஸ்தான், 1913-லேயே பொம்மைச் சிப்பாய் சண்டைக்கு 'லிட்டில் வார்ஸ்'னு ஒரு விதிப்புத்தகம் போட்டவர். பெரிய மனுஷன் துணைக்கு இருக்கார் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். கேம்ஸ் வொர்க்‌ஷாப் கம்பெனி 1975-ல் லண்டனில் மூணு நண்பர்கள் ஆரம்பிச்சது. 1987-ல் ரிக் பிரீஸ்ட்லி எழுதிய 'ரோக் டிரேடர்' புத்தகத்தோட வார்ஹாமர் 40,000 பிறந்தது. புத்தகத்துல டாங்கி, பறக்கும் வண்டின்னு எல்லாத்துக்கும் விதி இருக்கு. கடையில வண்டி பொம்மைதான் இல்லை! பிளாஸ்டிக் ரைனோ வண்டி வந்ததே 1988-ல்தான். அப்ப என்ன பண்றது? கம்பெனியோட சொந்தப் பத்திரிகை 'ஒயிட் டுவார்ஃப்' வழி சொல்லிச்சு: காலியான டியோடரண்ட் டப்பாவை எடு, மாடல் கிட்டில் மிச்சமான பாகங்களை மேல ஒட்டு, பெயிண்ட் அடி, மிதக்கும் டாங்கி ரெடி. இன்னைக்கும் பழைய ஆளுங்க அந்த டப்பாவைப் பத்திப் பேசினா முகத்துல ஒரு வெளிச்சம் வரும்.

இப்படி வெட்டி ஒட்டி புதுசா ஆக்குறதுக்குப் பேர்தான் கன்வர்ஷன். ஆரம்பத்துல பொம்மை பெரும்பாலும் ஈயக் கலவை. ஒரு கையை மாத்தணும்னா ரம்பத்தால அறுத்து, பொடி டிரில்லால ஓட்டை போட்டு, உள்ளே கம்பி சொருகி ஒட்டணும். இடைவெளியை நிரப்ப 'கிரீன் ஸ்டஃப்'. நீலம் ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு, பிசைஞ்சா பச்சை. நம்ம வீட்டுல குழாய் ஒழுகினா பிசைஞ்சு அடைப்போமே எம்-சீல், அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. அப்புறம் கை, கால், தலை தனித்தனியா வர்ற பிளாஸ்டிக் கிட் பெருகினதும் வேலை சுலபமாச்சு. ஒருத்தன் தலை இன்னொருத்தன் கழுத்துல. விளையாட்டுல ஓர்க்னு ஒரு இனம், எதிரி வண்டியைத் திருடி, தகரம் அடிச்சு, தன்னோடதுன்னு ஓட்டும். கன்வர்ஷன் பண்றவனுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச இனம்.

விதி இருக்கும், பொம்மை இருக்காது. இந்தப் பழக்கம் 20 வருஷத்துக்கு மேல ஓடுச்சு. ரசிகன் அதைக் குறையா பார்க்கலை. தனக்கு விட்டு வெச்ச இடமா பார்த்தான். ஆனா அந்த இடத்தை வியாபாரிகளும் பார்த்தாங்க. 2010-ல் டைரனிட் இனத்துக்குப் புதுப் புத்தகம் வந்தது. அதுல டெர்விகான்னு ஒரு ராட்சசப் பூச்சி. விதி உண்டு, பொம்மை 2012 வரைக்கும் கிடையாது. அமெரிக்காவில் சேப்டர்ஹவுஸ் ஸ்டுடியோஸ்னு ஒரு குட்டிக் கம்பெனி, அதுக்கு ஒட்டுப் பாகங்கள் செஞ்சு வித்தது. தோள்கவசம் எல்லாமும் வித்தது. 2010 டிசம்பரில் கேம்ஸ் வொர்க்‌ஷாப் சிகாகோ கோர்ட்டில் கேஸ் போட்டது.

ஜாலியான கேஸுங்க அது. ஸ்பேஸ் மரீன் தோள்கவசத்துக்குக் காப்புரிமை உண்டான்னு ஒரு ஃபெடரல் நீதிபதி உட்கார்ந்து யோசிச்சிருக்கார்! தலையோட ஒப்பிட்டா தோள்கவசம் அசாதாரணப் பெருசு, அதுவே ஒரு கற்பனைதான்னு தீர்ப்பு. 2013 ஜூன்ல ஜூரி சொன்னப்போ சில குற்றச்சாட்டு நின்னுச்சு, பலது விழுந்துச்சு. நஷ்டஈடு 25,000 டாலர். அவங்க வக்கீல் ஃபீஸுக்கு டீச்செலவு கூட ஆகியிருக்காது. அப்பீல் போய், கடைசியில் சமரசம்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு வலிக்குது. 2014 ஜனவரியில் வந்த அடுத்த டைரனிட் புத்தகத்துல, பொம்மை இல்லாத ஐட்டங்களைத் தூக்கிட்டாங்க. அதுல மைசெட்டிக் ஸ்போரும் போச்சு. வானத்துல இருந்து விழுந்து பூச்சிகளைக் கக்குற ஒரு சதைப் பை. ஆளாளுக்கு பிளாஸ்டிக் முட்டை, பாட்டில், புட்டின்னு ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து செஞ்சு வெச்சிருந்தாங்க. கேஸ்தான் காரணமான்னு கேட்டா, ஆமாம்னுதான் நான் சொல்வேன். கடையில இல்லாத பொருளுக்கு விதி எழுதினா அடுத்தவன் செஞ்சு விப்பான். வியாபாரக் கணக்கு புரியுது. ஆனா டப்பாவை ஒட்டச் சொல்லிக் கொடுத்தது இதே கம்பெனிதானேய்யா? அந்த வருஷக் கடைசியில் டைரனோசைட்னு பேர் மாத்தி, பெட்டியில் போட்டு, அவங்களே வித்தாங்க.

போன வருஷம் ஆன்சைட்டுல இருந்தப்போ, யாரோ கழிச்சுக் கட்டின டைரனிட் படை ஒண்ணை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அடியில பேப்பரில் சுத்தி ஒரு ஸ்போர். பிளாஸ்டிக் முட்டை மேல புட்டியில் நரம்பு நரம்பா இழுத்து, ஊதா பெயிண்ட். ஒரு இடத்துல செஞ்சவரோட கைரேகை அப்படியே பதிஞ்சிருக்கு. என் படையில டைரனோசைட்டுக்குப் பதில் அதுதான் இறங்குது.