வரியருகே குறிப்பு: அல் ஐன் தமிழரின் செய்தி வாசிப்பும் உரை மரபும்

2024 செப்டம்பர் 1 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் பொதுமன்னிப்பு தொடங்கியது. விசா காலம் கடந்து தங்கியவர்கள் அபராதமும் மறுநுழைவுத் தடையும் இன்றி ஊர் திரும்ப முடிந்தது. அல்லது ஆவணங்களை முறைப்படுத்திக்கொண்டு இங்கேயே வேலை பார்க்க முடிந்தது. முதலில் அக்டோபர் 31 வரை என அறிவிக்கப்பட்ட கெடு பின்னர் டிசம்பர் 31 வரை நீண்டது. முதல் நாள் செய்தியை நவம்பரில் வாட்ஸ்அப்பில் பெறுபவர், வாய்ப்பு கைநழுவிவிட்டது என்றே எண்ணுவார். பக்கத்தின் அடியில் ஐம்பது பின்னூட்டங்களுக்கு நடுவே கிடக்கும் திருத்தம் அவர் கண்ணில் படாது. அது அந்தத் தேதியின் அருகிலேயே நின்றாக வேண்டும்.

அல் ஐன் சனாயா தொழிற்பேட்டையில் வேலை செய்பவருக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. துபாயை முன்னிறுத்தும் செய்தியில் அவர் கண்டது பொதுமன்னிப்புக்கான அல் அவீர் மையம். அவருக்குரியவையோ அபுதாபி அமீரகத்து மையங்கள். அவற்றுள் அல் மகாம் அல் ஐனிலேயே இருக்கிறது. செப்டம்பர் 1க்குப் பிறகு விதி மீறியவர்களுக்குச் சலுகை இல்லை என்ற விலக்கு செய்தியின் கடைசிப் பத்தியில் இருந்தால், தலைப்பை மட்டும் படித்தவர் ஏமாந்துபோவார்.

இங்கேதான் நம் உரையாசிரியர்கள் நினைவுக்கு வருகிறார்கள். நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டு உரையில் தொலைவில் கிடக்கும் அடிகளை எடுத்து இணைத்துப் பொருள் கொள்வார். கவிதையின் போக்கை அது குலைக்கிறது என்று பிற்காலத்தார் குறைகூறியது நியாயமே. செய்திக்கு அந்தக் குறை பொருந்தாது. தலைப்பின் வாக்குறுதியையும் கடைசிப் பத்தியின் விலக்கையும் ஓரிடத்தில் சேர்த்துக் காட்டுவதே வாசகனுக்குச் செய்யும் உதவி.

இப்படிச் செய்தியின் வரியருகே குறிப்பெழுதும் கருவிகள் ஏற்கெனவே உள்ளன. வலைப்பக்கங்களில் குறிப்பெழுத உதவும் ஹைப்போதெசிஸ் 2011இல் தொடங்கப்பட்டது; வலைக் குறிப்புகளுக்கான தரத்தை, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017 பிப்ரவரியில் வெளியிட்டது. அந்தத் தரத்தில் ஒரு குறிப்பைத் தொடரோடு பிணைக்கும் வழிகளுள் ஒன்று, தொடரையும் அதன் முன்பின் சொற்களையும் சேர்த்துப் பதிவு செய்வது. பக்கத்தில் வேறு பத்தி நுழைந்தாலும் குறிப்பு இடம் தவறாது. தமிழில் ஒரு கவனம் தேவை: 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இருவகையாகச் சேமிக்கலாம்; இரண்டையும் ஒன்றெனக் கொள்ளாத மென்பொருளில் தொடர் கண்ணெதிரே இருந்தும் பொருந்தாது. 2015இல் கிளைமேட் ஃபீட்பேக் என்ற அமைப்பு ஹைப்போதெசிஸைக் கொண்டு, காலநிலைச் செய்திகளை அறிவியலாளர்களே வரிவரியாக மதிப்பிடச் செய்தது. துறையறிவு உடையவர் பெயரோடு எழுதியதே அம்முயற்சியின் வலிமை.

வளைகுடாவில் இப்படிக் குறிப்பெழுதுவது ஆபத்து என்பார்கள். அச்சம் வீணானதன்று. வதந்தியையும் இணையக் குற்றங்களையும் தடுக்கும் அமீரகத்தின் 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சட்டம் 2022 ஜனவரி 2 முதல் நடப்பில் உள்ளது. பொய்ச் செய்தி பரப்புவோருக்குக் குறைந்தது ஓராண்டுச் சிறையும் ஒரு லட்சம் திர்ஹம் அபராதமும் அதில் உண்டு. ஆனால் இன்று அதிகம் பரவுவது சிவப்பு வட்டமிட்ட ஸ்கிரீன்ஷாட். எழுதியவர் யார், என்று எழுதினார், எதை நம்பி எழுதினார் என்ற விவரம் எதுவும் அதில் இராது. கெடு நீண்டால் அந்தப் படத்தைத் திருத்தவும் வழியில்லை. அரசு அறிவிப்பின் இணைப்பும் தேதியும் தாங்கி, மாற்றம் வந்தவுடன் திருத்தப்படும் வரியருகுக் குறிப்பு, எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் அதைவிடப் பாதுகாப்பானது. விசா, சம்பளம், கெடு பற்றிய செய்திகளோடு மட்டும் அதைத் தொடங்கலாம். அரசியல் கருத்தை அதில் கலக்க வேண்டியதில்லை. சட்டமும் அரபியும் அறிந்த தமிழர்கள் அமீரகத்தில் இருக்கிறார்கள். அவர்கள்தான் இந்த உரையை எழுத வேண்டியவர்கள்.