அந்த 4 கோடி யாருடையது? சிஎஸ்கே ரசிகர் விவாதத்தில் ஊதிய வரம்பும் வீரர் பரிமாற்றமும்

தமிழ்நாட்டு ரசிகரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றும் காட்சியிலிருந்தே தொடங்குகிறார்கள். சினிமா ரசிகர் மன்றம், கட்சித் தொண்டர், ‘தல’ என்ற அழைப்பு எல்லாவற்றையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டுக் கிரிக்கெட் ரசிகரையும் அதே பக்தர் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர்களைப் பொறுத்தவரை இது பாதிக் கதைதான். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாற்றிலும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் நடக்கும் பேச்சைக் கேட்டால், அதில் பக்திக்குச் சமமாகக் கணக்கும் இருக்கும். யாரைத் தக்கவைத்தார்கள், யாரைக் கழற்றிவிட்டார்கள், பர்ஸில் மிச்சம் எவ்வளவு, அந்த மிச்சத்தில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் தேறுவாரா என்பதுதான் பேச்சு. 2025-இல் ஐபிஎல் ஏலம் அபுதாபியில் நடந்த டிசம்பர் 16, மார்கழி முதல் நாள். அன்று சபா கேன்டீன் வரிசைகளில் ராகத்தோடு ரொக்கமும் பேசப்பட்டதில் வியப்பில்லை.

இந்தக் கணக்குப் பேச்சுக்குப் பணத்தாசை காரணம் அல்ல. ஊதிய வரம்பு என்ற விதிதான் காரணம். எல்லா அணிக்கும் ஒரே தொகை, ஒவ்வொரு வீரருக்கும் அறிவிக்கப்பட்ட விலை என்றானதும், நிர்வாகி போடும் அதே கணக்கை ரசிகரும் வீட்டிலிருந்தே போட முடிந்தது. வீரர் பரிமாற்றம், அதாவது ட்ரேட், இந்தச் சமநிலையைக் குலைக்கிறது. அங்கே கணக்கின் ஒரு பகுதி மறைந்துவிடுகிறது. இக்கட்டுரையின் வாதம் இவ்வளவே.

வரம்பின் வேலையை முதல் ஏலமே காட்டிவிட்டது. 2008 பிப்ரவரி 20, மும்பை. ஒவ்வொரு அணிக்கும் 50 லட்சம் டாலர் உச்சவரம்பு. டெண்டுல்கர், கங்குலி, டிராவிட், சேவாக், யுவராஜ் ஆகிய ஐவரும் தத்தம் நகர அணிகளுக்கு ‘ஐகான்’ வீரர்கள். அணியில் அதிகச் சம்பளம் வாங்குபவரைவிட 15 சதவீதம் கூடுதலாக அவர்களுக்குத் தர வேண்டும். 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு இந்தியா சிமெண்ட்ஸ் வாங்கிய சென்னை அணிக்கு ஐகான் இல்லை. அன்று அது குறையாகத் தெரிந்தது. தோனியின் விலை 15 லட்சம் டாலரைத் தொட்டபோது அந்தக் குறையே பலமாயிற்று. மும்பை அதே விலைக்கு அவரை எடுத்திருந்தால் டெண்டுல்கருக்கு 17.25 லட்சம் தர வேண்டியிருக்கும். இரண்டு பேருக்கே 32.25 லட்சம் போய்விட்டால், மிச்சம் 17.75 லட்சத்தில் அணி கட்ட வேண்டும். சென்னைக்கு அந்தச் சிக்கல் இல்லை. பதினெட்டு ஆண்டுகளாக இந்நகரம் கொண்டாடும் உறவு, ஒரு விதியின் இடுக்கில் முளைத்தது. அன்று சென்னைக்கு வீரர்களைத் தேர்ந்தெடுத்த வி.பி. சந்திரசேகரின் கூர்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஐகான் விதி இல்லையென்றால் அந்தக் கூர்மைக்கு அன்று இடமே கிடைத்திராது.

வீரர் இடம் மாறுவதைப் பற்றிய வாக்குவாதம் சென்னைக்குப் புதிதல்ல. லஸ் பகுதியில் வாழ்ந்த புச்சிபாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்தப் பக்கத்துக்குக் கிரிக்கெட் சொந்த விஷயம். பின்னர் வந்த லீக் ஆட்டங்களில் கம்பெனி அணிகள் கோலோச்சின. ஸ்டேட் பேங்க், இந்தியா பிஸ்டன்ஸ், ஸ்பிக், இந்தியா சிமெண்ட்ஸ், சன்மார் குழுமம் ஆதரித்த ஜாலி ரோவர்ஸ் என்று நீளும் அந்த வரிசையில் நல்ல ஆட்டக்காரருக்குக் கிடைத்த விலை ஒரு வேலை. நியமன உத்தரவில் என்ன சம்பளம், என்ன சலுகை என்பது மேலாளருக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். ‘அந்தப் பையன் ஏன் பிஸ்டன்ஸை விட்டுப் போனான்?’ என்ற கேள்விக்கு வதந்திதான் பதில். மெரினா மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஆட்ட நுணுக்கம் தெரிந்திருந்தது, கணக்கு தெரியவில்லை. ஐபிஎல் அந்தப் பழைய ஞானத்தின் கையில் எண்களைக் கொடுத்தது. மேற்கு மாம்பலத்திலிருந்து வந்த அஸ்வின் யூடியூபில் தமிழிலேயே ஏல உத்திகளை விளக்கத் தொடங்கியதும் அந்தக் கல்வி இன்னும் பரவியது.

எண்கள் கைக்கு வந்தால் பாசம் என்ன ஆகும்? 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட தக்கவைப்பு விதி அதற்கு நல்ல சோதனையாக அமைந்தது. ஐந்து ஆண்டுகளாகச் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரரை ‘அன்கேப்டு’ என்று கருதி 4 கோடிக்கு வைத்துக்கொள்ளலாம். தோனியின் கடைசிச் சர்வதேச ஆட்டம் 2019 ஜூலை உலகக் கோப்பை அரையிறுதி. ஆக, உலகக் கோப்பையைக் கையில் ஏந்திய தலைவர் இந்திய அணிக்கே ஆடாத பையன்களின் வகையில் சேர்க்கப்பட்டார். சிஎஸ்கே ருதுராஜுக்கு 18, பதிரானாவுக்கு 13, துபேவுக்கு 12, ஜடேஜாவுக்கு 18, தோனிக்கு 4 என்று மொத்தம் 65 கோடி ஒதுக்கியது. 120 கோடி வரம்பில் 55 மிஞ்சியது. தோனியை ஐந்தாவது ‘கேப்டு’ வீரராக வைத்திருந்தால் 14 கோடி போயிருக்கும். லாபம் 10 கோடி. பக்திதான் எல்லாம் என்றால் இதை அவமானமாகக் கருதி ஊரே கொதித்திருக்க வேண்டும். கேலி இருந்தது, சிலருக்குக் கூச்சமும் இருந்தது. ஆனால் பெரும்பான்மையான பேச்சு அந்த 10 கோடியில் யாரை வாங்கலாம் என்பதில்தான் போய் நின்றது. அதே ஏலத்தில் நூர் அகமதுக்கு 10 கோடி கொடுக்கப்பட்டது. இதைத் தற்செயல் என்று எந்தக் கணக்கு ரசிகரும் ஏற்கமாட்டார்.

அந்த அணி 2025-இல் 14 ஆட்டங்களில் நான்கே வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. கணக்கு சரியாக இருந்தும் அணி தோற்கலாம். 2023-இல் 16.25 கோடிக்கு வாங்கப்பட்ட ஸ்டோக்ஸ் இரண்டே ஆட்டங்களில் ஆடினார். ஏலத் தொகையை வகுத்தால் ஆட்டத்துக்கு 8 கோடிக்கு மேல். இப்படி வகுத்துப் பார்ப்பதே ரசிகரின் விமர்சன முறை. முரட்டு முறைதான், என்றாலும் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டிய முறை. டெவால்ட் பிரெவிஸ் விவகாரத்தில் அப்படியே நடந்தது. காயமடைந்த குர்ஜப்னீத் சிங்குக்கு மாற்றாக 2025 ஏப்ரலில் பிரெவிஸ் வந்தார். அவரைப் பெறச் சென்னை கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தது என்ற பொருளில் ஆகஸ்டில் அஸ்வின் யூடியூபில் பேசப் போக, சர்ச்சை வெடித்தது. மாற்று வீரருக்கு, வெளியேறியவரின் தொகைக்கு மேல் தரக்கூடாது என்பது விதி. உடனே அணி நிர்வாகம் அறிக்கை விட்டது: குர்ஜப்னீத்தின் விலை 2.2 கோடி, பிரெவிஸுக்குக் கொடுத்ததும் 2.2 கோடி. அஸ்வினும் விளக்கம் தந்தார், விஷயம் அடங்கியது. சரிபார்க்க ஓர் எண் இருந்ததால் வதந்திக்கு ஆயுள் குறைவாக இருந்தது.

இனி 2025 நவம்பர் 15. சஞ்சு சாம்சன் 18 கோடிக்குச் சென்னைக்கு வந்தார். ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள். 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு பந்துகளில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பை வாங்கிக் கொடுத்தவரை அனுப்பிவிட்டார்களே என்ற ஆற்றாமை எங்கும் இருந்தது. அந்த வாரம் லஸ் சர்ச் சாலையின் நாகேஸ்வர ராவ் பூங்காவில், நடைப்பயிற்சி முடித்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவருக்கும் பக்கத்தில் நின்ற இளைஞருக்கும் நடந்த பேச்சு இது:

“பதினெட்டுல இருந்த ஜடேஜா பதினாலுக்குப் போயிருக்கார். அந்த நாலு எங்கப்பா போச்சு?”

“சஞ்சுவுக்குத்தான் மாமா போயிருக்கும்.”

“அவருக்கு அங்கேயும் பதினெட்டு, இங்கேயும் பதினெட்டு. நன்னா கூட்டிக் கழிச்சுப் பாரு.”

கூட்டிக் கழித்துப் பார்ப்போம். பரிமாற்றத்துக்கு முன் மூவரின் சம்பளம் 18, 18, 2.4, மொத்தம் 38.4 கோடி. பின்னர் 18, 14, 2.4, மொத்தம் 34.4. சென்னை 20.4 கோடிச் சுமையை இறக்கி 18-ஐ ஏற்றது, மிச்சம் 2.4. ராஜஸ்தான் 18-ஐ இறக்கி 16.4-ஐ ஏற்றது, மிச்சம் 1.6. இரண்டையும் கூட்டினால் சரியாக 4 கோடி. இரு அணிகளின் பர்ஸும் ஒரே நேரத்தில் கனத்ததற்குக் காரணம் ஏதோ வணிக மாயம் அல்ல, ஒரு வீரரின் சம்பளக் குறைப்பு. ‘விசுவாசமா, வெற்றியா?’ என்று இந்தப் பரிமாற்றத்தைப் பேசியவர்கள் எல்லாரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். பெஞ்சில் இருந்த பெரியவர் தாண்டவில்லை. அவர் கேட்டது உழைப்பவரின் கூலி பற்றிய கேள்வி. அதைப் பாசம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அதற்கு முழுப் பதில் கிடைக்காது என்பதுதான் சிக்கல். ஜடேஜாவின் ஐபிஎல் வாழ்க்கையே மூடிய கதவுகளின் வரிசை. 2010-இல், ராஜஸ்தானுடனான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியுடன் பேரம் பேசினார் என்று ஓராண்டு தடை. 2012 ஏலத்தில் சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் 20 லட்சம் டாலர் என்ற உச்சத்தில் முட்டி நின்றன. இரு அணிகளும் ஒரு தொகையை எழுதி மூடிக் கொடுக்க, சென்னை வென்றது. அந்தத் தொகை இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்குப் போனது. ரசிகருக்குச் சொல்லப்படவில்லை, வரம்புக் கணக்கிலும் ஏறவில்லை. இந்த ‘டை-பிரேக்கர்’ ஏலத்துக்குள் நடந்த விதிவிலக்கு. ட்ரேட்டில் அந்த விதிவிலக்கே வழக்கமாகிவிட்டது. 2023 நவம்பரில் ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்கு மாறியபோது அவருடைய 15 கோடிச் சம்பளம் அறிவிக்கப்பட்டது. அணிக்கு அணி கொடுத்த இடமாற்றக் கட்டணம் அறிவிக்கப்படவில்லை. அது பர்ஸிலிருந்து கழிவதில்லை. அதில் பாதி வரை வீரருக்கும் போகலாம். வரம்பு எல்லாரையும் சமமாக்குகிறது என்று முன்வாசலில் சொல்லிவிட்டு, பணக்கார அணிக்குப் பின்வாசலைத் திறந்து வைப்பதற்கு வேறு பெயர் இல்லை.

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல், 2004-05 பருவம் முழுவதும் கதவடைப்பில் வீணான பிறகுதான் ஊதிய வரம்பைக் கொண்டுவந்தது. அங்கே வீரர் இடம் மாறினால் அவர் பெயரில் உள்ள வரம்புச் சுமையும் கூடவே மாறும். பழைய அணி அதில் 50 சதவீதம் வரை தன் தலையில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வைத்துக்கொண்டது அதன் வரம்பிலேயே கழியும். டொரன்டோ ரசிகர் தன் அணியின் தவறான பரிமாற்றத்தை டாலர் கணக்கோடு பிட்டுப் பிட்டு வைக்க முடிவது இதனால்தான். நம் ரசிகர்களுக்கு அந்தத் திறமை இல்லாமல் இல்லை, தரவுதான் இல்லை.

எண்களை வெளியிட்டால் போதும், விவாதம் தானே செழிக்கும் என்று நான் சொல்லவில்லை. ஹாக்கி இந்தியா லீக் 2024-இல் மீண்டும் தொடங்கியபோது, ஆடவர் அணி ஒவ்வொன்றுக்கும் 4 கோடி என்ற வரம்பும் பகிரங்க ஏலமும் இருந்தன. தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நம் பெயரில் ஓர் அணியும் இருந்தது. எழும்பூரில் ஹாக்கி அரங்கம் இருந்தும் முதல் பருவத்தில் ஒரு ஆட்டம்கூடச் சென்னையில் நடக்கவில்லை. கண்ணால் பார்க்காத அணியின் பர்ஸை யாரும் எண்ணுவதில்லை.

வணிக ரகசியம் என்ற மறுப்பு வரும். சம்பளத்தையே பகிரங்கமாக ஏலம் விடும் அமைப்பு, இடமாற்றக் கட்டணத்தை மட்டும் ரகசியம் என்பது நிற்காது. கிரிக்கெட் வாரியம் பொதுப் பணி ஆற்றும் அமைப்பு என்று உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில் சொல்லிவிட்டது. அந்த வழக்குக்கு வித்திட்டதே சென்னை அணியைச் சுற்றி எழுந்த 2013 சூதாட்டப் புகார்தான். 2018-இல் சட்ட ஆணையம் தன் 275-ஆவது அறிக்கையில், வாரியத்தைத் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தது, அது நடக்கவில்லை. வாரியம் இன்றும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவான ஒரு சங்கமே.

நவம்பர் 15 அறிவிப்பில் மூவரின் சம்பளமும் இருந்தது; இடமாற்றக் கட்டணம் கைமாறியதா, மாறியிருந்தால் எவ்வளவு என்ற ஒரு வரி இல்லை. அடுத்த பரிமாற்ற அறிவிப்பில் அந்த வரியைச் சேர்க்கச் சட்டத் திருத்தமோ நீதிமன்ற ஆணையோ தேவையில்லை. வாரியம் அதைச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்வரை அணி நிர்வாகங்களை ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.