பயிர்க்காவல் துப்பாக்கி – ஏழாயிரம்பண்ணை வட்டாரம்

பயிர்க்காவல் துப்பாக்கி என்பது விளைநிலத்தைக் காட்டுப்பன்றி, நரி முதலிய விலங்குகளிடமிருந்து காப்பதற்காக உரிமம் பெற்று வைத்துக்கொள்ளும் துப்பாக்கி. கரிசல் வட்டாரமான ஏழாயிரம்பண்ணையில் இதன் வரலாறு பாளையக்காரர் காலத்திலிருந்து தொடங்குகிறது. விளையாட்டுக்குரிய இலக்குத் துப்பாக்கியும் இந்தியச் சட்டத்தில் இதே பிரிவில் வருவதால், அதுவும் இங்கே சேர்த்துக் கூறப்படுகிறது.

ஏழாயிரம்பண்ணை இப்போது விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தில் உள்ளது. 1910 வரை சாத்தூர்ப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பிறகு இராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்ந்து, 1985இல் விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது. வானம் பார்த்த கரிசல் பூமி. கம்பு, சோளம், பருத்தி, உளுந்து ஆகியவற்றோடு அண்மைக் காலத்தில் மக்காச்சோளமும் விளைகிறது.

பாளையங்களின் காலத்தில் காவல் என்பது ஊர்க்காரர் கூலி கொடுத்துப் பெற்ற உரிமை. ஓர் ஊருக்குள் நடப்பது தலக்காவல், பல ஊர்களைச் சேர்த்துப் பாளையக்காரர் பொறுப்பில் நடப்பது திசைக்காவல். களவு போனால் பொருளை மீட்டுத் தர வேண்டும், மீட்க முடியாவிட்டால் ஈடு தர வேண்டும் என்பது முறை. காவல்காரர் கையில் வேல், வளரி, கவண் இருந்தன. திரித்துப்பாக்கியும் இருந்தது. புகையும் திரியைக் கையோடு காத்து, மருந்துக் கிண்ணத்தில் தொட்டு வெடிக்க வேண்டிய ஆயுதம் அது. மழைக்கும் பனிக்கும் நம்ப முடியாது.

1799 முதல் 1801 வரையான மூன்றாண்டுகள்தான் இந்த வரலாற்றில் மிகுதியாக எழுதிவைக்கப்பட்ட பகுதி. 1799 செப்டம்பர் 5ஆம் நாள் கிழக்கிந்தியக் கும்பினியின் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். அதன் பாளையக்காரர் கட்டபொம்மன் தப்பிச் சென்று புதுக்கோட்டைப் பகுதியில் பிடிபட்டு, அங்கு ஆண்ட தொண்டைமானால் ஒப்படைக்கப்பட்டு, அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவர் பக்கம் நின்ற ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், குளத்தூர், காடல்குடி, கோலார்பட்டி ஆகிய பாளையங்களைப் பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்துக் கும்பினி பறித்துக்கொண்டது.

அதே மாதத்தில் வந்த பானர்மேனின் அறிவிப்புதான் இந்தக் கட்டுரைக்கு அடிப்படை. கோட்டைகளை இடிக்க வேண்டும். துப்பாக்கி, ஈட்டி, வேல் எதுவானாலும் ஒப்படைக்க வேண்டும். மீறினால் மரண தண்டனை. போர்வீரரின் ஆயுதத்துக்கும் காவல்காரரின் ஆயுதத்துக்கும் அந்த ஆணை வேறுபாடு காட்டவில்லை. விளைச்சலைக் காத்தவர் கையிலிருந்த குழலும் கலகக்காரரின் குழலாகவே கணக்கில் வந்தது.

ஆணை முழுமையாக நிறைவேறவில்லை என்பதற்கு அடுத்த நிகழ்ச்சிகளே சான்று. 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை உள்ளிட்டோர் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாளில் மீண்டும் எழுந்தது. ஒப்படைத்துவிட்டதாகக் கருதப்பட்ட ஆயுதங்களும் வெளியே வந்தன. அந்த முற்றுகையில் கும்பினிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், வெறும் மண்ணால் எழுப்பிய அந்தக் கோட்டை மதிலையும் அதன் காவலரின் துணிவையும் வியப்போடு எழுதிவைத்திருக்கிறார். சிவகங்கையின் சின்ன மருதுவிடம் தாம் வளரி எறியக் கற்றதையும் குறிப்பிடுகிறார். எதிரியின் கைத்திறனை மனமாரப் பாராட்டும் அந்தப் பக்கங்கள் இன்றும் படிக்கத் தக்கவை. கோட்டை 1801 மே 24இல் வீழ்ந்தது. அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பர் 1இல் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஆயுதத் தடையை உறுதிப்படுத்தி அறிவிப்பு வெளியிட்டார்.

இந்த ஆயுதப் பறிமுதலை எப்படி மதிப்பிடுவது என்பதில் கருத்தொற்றுமை இல்லை. திருநெல்வேலி வரலாற்றை 1881இல் எழுதிய கால்டுவெல், கொள்ளையும் சண்டையும் ஓய்ந்து உழவர் அமைதி பெற்றதன் தொடக்கமாக இதைக் காண்கிறார். தென்னிந்தியக் கிளர்ச்சியை ஆராய்ந்த கே. ராஜய்யன் முதலியோர் அந்நிய ஆட்சியை எதிர்த்த மக்களை அடக்கியதன் இறுதிக் கட்டமாகக் காண்கிறார்கள். காவல் கூலியின் சுமை குறைந்ததை முன்னவர் சுட்டுவார். காவலே அயலார் கைக்குப் போனதைப் பின்னவர் சுட்டுவார். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் எஞ்சிய பகுதியில் குறிப்பிடத்தக்கது 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம்: துப்பாக்கி வைத்திருக்க இந்தியர் உரிமம் பெற வேண்டியதாயிற்று.

உரிமத்தின் வழியாகக் கரிசலுக்கு மீண்டு வந்தது திரித்துப்பாக்கியின் வழித்தோன்றலான நாட்டுத்துப்பாக்கி, அதாவது குழல்வாய் வழியே கெட்டிக்கும் துப்பாக்கி. வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த கருமருந்தைக் குழலில் கொட்டி, தேங்காய் நாரை வைத்து இரும்புக் கம்பியால் இடித்து, மேலே ரவையைப் போட்டு, மறுபடி நார் அடைக்க வேண்டும். பின்பக்கக் காம்பில் கேப்பைச் செருகிக் குதிரையை இழுத்து வைத்தால் ஒரே ஒரு வெடிக்குத் தயார். வெடித்ததும் புகை கண்ணை மறைக்கும். இரண்டாவது வெடிக்குக் கெட்டித்து முடிப்பதற்குள் பன்றி அடுத்த புஞ்சைக்குப் போய்விடும். ஆகவே பரணில் இரவு முழுதும் விழித்திருப்பவருக்கு இது வேட்டைக் கருவி என்பதைவிட விரட்டும் கருவி என்றே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இதை மிகத் தேர்ச்சியோடு கையாண்டவர்கள் நரிக்குறவர். ஊர்க்காரர் அழைத்து நரியைச் சுடச் சொல்வதும், வேட்டையில் கிடைத்ததை அவர்கள் எடுத்துக்கொள்வதும் முன்பு வழக்கமாக இருந்தன. 

விடுதலைக்குப் பிறகு வந்த 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 13ஆம் பிரிவு எதற்கு எந்தத் துப்பாக்கி என்று தானே வகுத்துச் சொல்கிறது. உண்மையான பயிர்க்காவலுக்கு, குழல்வாய் வழியே கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று உரிமம் தரும் அதிகாரி கருதினால் மட்டுமே உட்குழல் வழவழப்பான வேறு துப்பாக்கி. அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் சங்கத்தின் உறுப்பினர் இலக்குப் பயிற்சி செய்ய .22 ரைஃபிள் அல்லது காற்றுத் துப்பாக்கி. ஆக, கரிசல் விவசாயிக்குத் துப்பாக்கித் தேர்வு என்பது பெரும்பாலும் சட்டம் முன்பே செய்துவிட்ட தேர்வு. தேர்தல் காலத்தில் அந்த ஒரு துப்பாக்கியும் காவல் நிலையத்துக்குப் போகும். அப்போது பயிர் கதிர் முற்றி நின்றால் தகரமும் வேட்டும்தான் காவல்.

நரியைப் பொறுத்தவரை இப்போது சுடும் கேள்வியே எழுவதில்லை. கரிசல் காட்டுக் குள்ளநரியும் குழிநரியும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. ஆட்டுக்குட்டி, நிலக்கடலை, வெள்ளரிப்பிஞ்சு ஆகியவற்றில் நரி சேதம் செய்வது உண்மை. எலியைத் தின்று விளைச்சலைக் காப்பதும் அதே நரிதான்.

மேற்கு நாடுகளிலோ நரியைச் சுடவும் இலக்குப் பயிற்சிக்கும் ஒருசேர விரும்பப்படும் வகைகளில் ஒன்று நேரிழுப்பு ரைஃபிள். வழக்கமான ரைஃபிளில் கைப்பிடியை உயர்த்தி, பின்னிழுத்து, முன்தள்ளி, தாழ்த்த வேண்டும். நேரிழுப்பில் பின்னே ஒரு இழுப்பு, முன்னே ஒரு தள்ளல். தோளிலிருந்து துப்பாக்கி அசையாது, கண் குறியைவிட்டு விலகாது. ஆஸ்திரியாவின் மான்லிச்சர், சுவிட்சர்லாந்தின் ஷ்மிட்-ரூபின், கனடாவின் ராஸ் ஆகியவை போர்ப்படையில் இருந்த பழைய வகைகள். ராஸ் முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சேற்றில் அடைத்துக்கொண்டு பெயர் கெட்டது. 1993இல் வந்த ஜெர்மனியின் பிளேசர் ஆர்93 வேட்டைக்காரரிடம் இந்த வகையைப் பரப்பியது. பனிச்சறுக்கோடு சேர்ந்த பயத்லான் போட்டியில் ஃபோர்ட்னர் பூட்டு கொண்ட ரைஃபிளே கோலோச்சுகிறது. பெரிய தோட்டா போடும் அரைத்தானியங்கு வகைகளை 1988ஆம் ஆண்டின் சட்டம் தடுத்ததால் பிரிட்டனில் நேரிழுப்பு ரைஃபிளுக்குத் தேவை கூடியது. அங்கும் தேர்வைத் திருப்பிவிட்டது சட்டமே.

இந்தியாவில் நேரிழுப்பு ரைஃபிள் அரிது. தனியார் துப்பாக்கி இறக்குமதி 1980களின் நடுவிலிருந்து ஏறக்குறைய அடைபட்டு, தேர்ந்த வீரருக்கு மட்டும் வழி திறந்திருக்கிறது. இஷாபூர் ஆலையின் .315 ரைஃபிள் கைப்பிடியை உயர்த்தி இழுக்கும் பழைய முறையில் அமைந்தது. இலக்குச் சுடுதலில் விரைவைவிட அசையாமைக்கே மதிப்பு: 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். தேசிய ரைஃபிள் சங்கம் 1951இல் மாவ்லங்கர் தலைமையில் தொடங்கியது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் சுட்டார். கட்டபொம்மனை ஒப்படைத்த புதுக்கோட்டை அரச மரபில் வந்த பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸில் பறக்கும் தட்டைச் சுடும் டிராப் போட்டியில் கலந்துகொண்டார்.

அண்மையில் பன்றித் தொல்லைக்காக நாட்டு வெடியான அவுட்டுக்காயை மறைத்து வைப்பதும், மின்வேலி போடுவதும் வழக்குகளாயின; மாடும் மனிதரும் பலியாகும் இந்த முறைகள் எந்த நிலையிலும் ஏற்கத்தக்கவை அல்ல. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம், அதற்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம் என்று வகுத்தது. சுடும் பொறுப்பு இதன்படி விவசாயியிடம் இல்லை, துறையிடம் இருக்கிறது.