ஆலை நிலத்தின் அடியில்: புதுச்சேரியின் பொங்கு கிணறுகள்

கடலோர மணல் நிலத்தில் எழுந்த புதுச்சேரி நகரத்துக்கு, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சுப் பொறியாளர் லமரேஸின் திட்டப்படி முத்திரப்பாளையத்து ஊற்றுநீர் கொண்டுவரப்பட்டதும், அதன் நினைவாக இன்றைய பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் எழுப்பப்பட்டதும் பலரும் அறிந்த செய்தி. அதற்கு அடுத்த தலைமுறையில், நகரின் காலடியிலேயே இன்னொரு நீர் வளம் கண்டறியப்பட்டது குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது. 1870களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் இடப்பட்ட ஆழ்துளைகள் சிலவற்றில் நீர் தானாகவே மேலெழுந்து வழிந்தது. சவானா பஞ்சாலையும் இவ்வகைக் கிணறு பெற்ற இடங்களுள் ஒன்று.

இத்தகைய கிணறுகளை ஆர்ட்டீசியன் கிணறுகள் அல்லது பொங்கு கிணறுகள் என்பர். நீரைத் தாங்கிய மணற்கல் அடுக்கு மேற்கே மேட்டு நிலத்தில் மழைநீரை உறிஞ்சிக்கொண்டு, கடலை நோக்கிச் சரிந்து, நீர் புகாத களிமண் அடுக்கின் கீழ் அடைபட்டுக் கிடக்கும்போது, உள்ளிருக்கும் நீர் அழுத்தத்துக்கு உள்ளாகிறது. களிமண்ணைத் துளைத்தவுடன் அது குழாய் வழியே உயர்ந்து வெளியேறுகிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் 1880இல் இக்கிணறுகளைப் பற்றி விரிவாக எழுதி, சென்னைக்கும் இதே வழியில் நீர் கிடைக்குமா என்று ஆராய்ந்தார். நீர் தேடி இறக்கிய துளைகளே சில ஆண்டுகளில் பாகூர்ப் பக்கம் பழுப்பு நிலக்கரி இருப்பதையும் காட்டின.

நூலை வெளுக்கவும் சாயமேற்றவும் கொதிகலன்களை நிரப்பவும் ஆலைகளுக்கு ஓயாமல் நீர் தேவைப்பட்டது. 1820களின் இறுதியில் வேரூன்றிப் பின்னாளில் சுதேசி ஆலையான சவானா, பாரதி ஆலையாக மாறிய கெப்ளே, ஏ.எஃப்.டி. என்று பெயர் பெற்றும் மக்கள் வாயில் ரோடியர் மில்லாகவே நிலைத்துவிட்ட 1898ஆம் ஆண்டு ஆலை ஆகிய மூன்றும் நகரின் தொழில் வாழ்வைத் தாங்கி நின்றன. 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிர் நீத்த போராட்டத்தின் வழியே இவ்வாலைகளின் வரலாறு எழுதப்பட்டிருப்பது முற்றிலும் நியாயமே. ஆயினும் அவை நின்ற நிலத்தின் அடியில் நிகழ்ந்தவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஏ.எஃப்.டி. 2020இல் மூடப்பட்டுவிட்ட நிலையில், அந்த வரலாற்றை எழுத வேண்டிய தேவை இன்னும் கூடியிருக்கிறது.

ஆலைகளின் எண்ணெய்த் தொட்டிகளிலிருந்து எரிபொருள் நிலத்தில் கசிந்தால், மணலின் இடுக்குகள் வழியே இறங்கி, நீரைவிட இலேசானது என்பதால் நீர்மட்டத்தின் மேல் படலமாகத் தங்குகிறது. வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் உயர்ந்து கோடையில் தாழும்போது, படலமும் கூடவே ஏறி இறங்கி, இடைப்பட்ட மணல் முழுவதிலும் அப்பிக்கொள்கிறது. அதிலுள்ள பென்சீன் போன்ற நச்சுப் பொருள்கள் நீரில் கரைந்து, நீரோட்டத்தின் திசையில் பரவுகின்றன. பொங்கு கிணறுகள் பொங்கிய காலத்தில் ஆழத்து நீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருந்ததால், மேலடுக்கின் மாசு கீழே இறங்க வழியில்லை. மின்மோட்டார்கள் பெருகி, ஆழத்து நீர்மட்டம் சரிந்து, கிணறுகள் பொங்குவது நின்று, கரையோரத்தில் உப்புநீர் உட்புகும் அச்சமும் எழுந்த பின்னரே 2002இல் புதுச்சேரிக்கெனத் தனி நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றப்பட்டது. அழுத்தம் இப்படித் தலைகீழானபின், துருப்பிடித்துத் தூர்ந்துபோன பழைய இரும்பு உறைக்குழாய் ஒவ்வொன்றும் மேலடுக்கின் அழுக்கை ஆழத்து நன்னீருக்குள் இறக்கிவிடும் வழியாகக்கூடும். நீரைத் தந்த துளையே நீரைக் கெடுக்கும் துளையாவதைத் தடுப்பதுதான் பழைய ஆலை நிலங்கள் குறித்த முதற்கடமை.

காலம் தாழ்ந்தால் என்னாகும் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில், பூமிக்கடியில் சென்ற பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் குழாய் கசிந்ததால், வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் இறைத்த நீரில் பெட்ரோல் வாடை வீசியது. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் நிலமாதலால் மாசு விரைந்து பரவ, குடிநீருக்கு மக்கள் பட்ட துன்பம் 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு விதிக்கும்வரை வழக்காக நீண்டது.

ஆகவே, ஆலை வளாகங்களில் புதிய கட்டடம் எதுவும் எழுவதற்கு முன், பழைய வரைபடங்களைக் கொண்டும் இரும்புக் குழாயைக் காட்டிக்கொடுக்கும் காந்தமானியைக் கொண்டும் கைவிடப்பட்ட துளைகளைத் தேடி, தூர் வாரி, அடியிலிருந்து மேல்வரை சிமென்ட் குழம்பால் அடைக்க வேண்டும். எண்ணெய்த் தொட்டிகளும் கொதிகலன்களும் இருந்த இடங்களைச் சுற்றி மேலடுக்குக்கும் ஆழ அடுக்குக்கும் தனித்தனியே கண்காணிப்புக் கிணறுகள் அமைத்து, மழைக்கு முன்னும் பின்னும் நீரெடுத்துச் சோதிக்க வேண்டும். மாசு தென்பட்டால், மிதக்கும் எண்ணெயை முதலில் இறைத்தெடுத்து, மண்ணில் ஒட்டிய ஆவியை உறிஞ்சி, எஞ்சியதை நுண்ணுயிர்கள் சிதைக்கக் காற்றூட்ட வேண்டும். இப்பணி பல ஆண்டுகள் நீளக்கூடியது. கண்காணிப்புக் கிணறுகளை எந்த ஆழத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்ய, 1880இல் கிங் வெளியிட்ட அடுக்கு விவரங்கள் இன்றும் உதவும்.